அறுபத்தெட்டு

ஜூலை 8, செவ்வாய்

இன்று பள்ளிக்கு மருத்துவக் குழு வந்தது. எட்டாம் வகுப்பு முழுக்க வராந்தாவில் வரிசை. மெஷினில் ஏறினால் சிஸ்டர் எடையைக் கத்துவார். வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்து எங்கள் வகுப்பு நிர்மலா டீச்சர் எழுதிக்கொள்வார்.

"கோகிலவாணி, அறுபத்தெட்டு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. கூடப் படிக்கும் அஜித் மெஷினைத் தடவிக்கொடுத்து, ரொம்ப வலிக்குதா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரிச்சேன்? அதுதான் ஆத்திரமா வருது.

டாக்டர் நல்லவர். நல்லா விளையாடு, பாக்கெட் தீனியைக் கம்மி பண்ணு, வேளைக்குச் சாப்பிடு, அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்றார்.

ஜூலை 10, வியாழன்

இப்போது என் பேரே அறுபத்தெட்டு.

ஜூலை 17, வியாழன்

சத்துணவு முட்டையை இன்றும் என் தோழி எழில்மதிக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாக மதியம் சாப்பிடுவதில்லை. அடுத்த தடவை சிஸ்டர் கத்தும்போது குறைந்திருக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

கபடி ஆடும்போது கண் இருட்டி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான்! மூன்று பேர் சேர்ந்து பிடித்தாலும் கோட்டைத் தொட்டுவிடுகிறவள்.

கரும்புக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவனோ சிரிச்சான்னு நீ பட்டினி கெடப்பியா? வவுறு அவனுதா, உன்னுதா?"

திட்டிக்கொண்டே சோறு போட்டாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்க்கிறார்களாம். எழில்மதியையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அவள் இருபத்தேழு கிலோ. அன்றைக்கு லீவு போடப்போகிறாளாம்.

"உன்னைக் கண்டா பயப்படவாவது செய்யுறாங்க. என்னை உங்க வூட்ல சோறே போடலியான்னு கேக்குறாங்கடி."

வகுப்பில் தினமும் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். அவளையும் கேலி செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் எடை டாக்டருக்கு வேண்டும், சரி. அஜித்துக்கு எதுக்கு?

ஆகஸ்ட் 8, வெள்ளி

நிர்மலா டீச்சரிடம் நேராகப் போய்க் கேட்டேன். மெஷினை அறைக்குள்ளே வையுங்கள், ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், கத்த வேண்டாம் என்றேன். இல்லாவிட்டால் லீவு போட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

நேரமாகும் என்றார் டீச்சர்.

"ஆவட்டும் டீச்சர். கதவாண்ட நானே நின்னு ஒருத்தர் ஒருத்தரா அனுப்புறேங்க."

வராந்தாவில் என்னை ஏற்றினால் நானும் லீவுதான் போடுவேன் என்றார் டீச்சர். சிஸ்டரிடம் சொல்கிறாராம்!

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழில்மதி வந்துவிட்டாள். மெஷின் அறைக்குள், கதவில் நான். முதலில் அவளைத்தான் அனுப்பினேன். உள்ளே போனாள், தலைப்பின்னலைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். அவ்வளவுதான்.

கடைசியாக நான். சிஸ்டர் பார்த்தார், எழுதினார். நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

வெளியே அஜித் காத்திருந்தான். எவ்வளவு என்றான்.

"உனுக்கு இன்னாத்துக்குடா அது?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவு வரிசைக்குப் போனேன். எழில்மதி பழைய பழக்கத்தில் என் முட்டைக்குக் கை நீட்டினாள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.