சப்பாத்துக்குள் கிடந்த சோளம்

இன்று பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்து ஒரு சோளமணி உருண்டு விழுந்தது. வெள்ளைச் சோளம், காய்ந்து கல்லாகிப்போனது. வரும் வழியில் ஜேன் வீதிக் கடையில் வாங்கிய சோளப் பொதியின் மூலை பிய்ந்திருந்தது, அதைச் சுற்றிக் கட்டும்போது உள்ளே விழுந்திருக்க வேண்டும். அங்கிருந்து பஸ் மாறி மாறி மல்வேர்னில் இறங்கி வீடு வரைக்கும் அதன் மேலேயே நடந்திருக்கிறேன். காலுறையில் இரத்தம் ஊறிக் கிடந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தைக் கண்டு நான் பயப்படவில்லை, நோகவில்லையே என்றுதான் பயந்தேன்.

உடனே உமக்கு போன் எடுக்கக் கை போனது. நீர் உயிரோடு இல்லையென்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற அந்தக் குளிர் அறையில், நீரும் நானும் லூப்பேயும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்த கூட்டாளிகள். உமக்குச் சலரோகம், அதுதான் சுகர், சோற்றைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன கிழமை, மெக்சிக்கன் சாப்பாடு உடம்புக்கு நல்லதாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு எங்களை மோலுக்கு இழுத்துக்கொண்டு போனீர். கோதுமை ரொட்டியில் சுற்றி, மஞ்சள் சீஸ் உருகி வழிய, குழந்தைப்பிள்ளையின் தலையணை மாதிரி ஒன்று வந்தது. மெக்சிக்கோவில் பிறந்த லூப்பே அதை ஒரு பக்கம் பிரித்துப் பார்த்தாள், பிறகு மூடிவிட்டாள். தன் அம்மா இதைக் கண்டால் அழுவாள் என்றாள். அடுத்த சம்பளநாள் அவள்தான் எங்களை ஜேன் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவித்து, தோல் நீக்கி, அரைத்துத் தட்டுகிற ரொட்டிதான் தோர்த்தியா என்று அவள் விளங்கப்படுத்தினாள். நான் உம்முடைய பக்கம் திரும்பினேன்.

"சுண்ணாம்போ? வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்போ?"

"ஓம். எங்கடை சனம் அதை வெறுமனே தின்னுது, நீர் ரொட்டியிலை கிடக்கிறதுக்குப் பயப்பிடுறீர். பேசாமல் தின்னும்" என்றீர்.

பிறகு நாகதாளிக் கள்ளி வந்தது. முள்ளெடுத்து, சுட்டு, கீறிய நாகதாளி. வேலிக்குப் போடுகிறதையெல்லாம் தட்டில் வைக்கிறார்களே என்று நான் முழுசிக்கொண்டிருக்க, நீர் தேசிக்காய் பிழிந்து, பச்சைமிளகாய் கடித்து, என்னுடைய பங்கையும் முடித்தீர். கறுத்த அவரை, சுட்ட மீன், அவகாடோ, கையளவு சோள ரொட்டி. எண்ணெய் குறைவு, வயிறும் நிறைந்தது. நல்ல சாப்பாடுதான், அதில் பிழை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு உமக்கு விசர் பிடித்துவிட்டது. வேலை முடிந்து வரும் வழியில் புதுக் கடை ஏதும் கண்ணில் பட்டால் காரை நிற்பாட்டுவீர். "உள்ளுக்குப் போய் இருக்கிறேல்லை. கதவைத் திறந்து மூக்கை நீட்டும். சோளம் மணக்காட்டித் திரும்பி வாரும்." சுவரில் பெரிய தொப்பி மாட்டியிருந்தால் உமக்கு ஆகாது. மூலை மேசையில் ஒரு குடும்பம் ஸ்பானிஷில் சண்டை பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும், அதுதான் உம்முடைய தராதரப் பத்திரம். உம்முடைய மூக்கு ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

நீர் பிழைவிட்டது வேறு இடத்தில். மத்தியானம் நாகதாளியும் அவரையும் தின்ற நாட்களில்தான் நீர் இரவில் கூடுதலாகச் சோறு போட்டீர்.

"அப்ப மத்தியானம் தின்னது என்ன?" என்று கேட்டேன்.

"உது மருந்து. மருந்து குடிச்சால் பசி ஆறுமோ? சோறு தின்னாட்டி எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லையப்பா."

"சுகர் குத்திப் பாத்தனீரோ?"

"இண்டைக்கு மெக்சிக்கன். பாக்கத் தேவையில்லை. பயந்தாங்கொள்ளி, சும்மா வாரும்."

அந்தப் பனிக்காலம் உம்முடைய காரில் ஒரு மணம் வந்தது. கருவாட்டுக் கறி கொண்டு வந்தனான் என்றீர். கருவாட்டின் மணம் எனக்குத் தெரியாதா? குனிந்து உம்முடைய சப்பாத்தைத் தொடப் போனேன். வெடுக்கென்று காலை இழுத்தீர். "சப்பாத்துக் கடி. ரெண்டு நாளிலை மாறீடும்." அதற்குப் பிறகு உம்மை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண்டேன். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சல் மட்டும் இறங்கவேயில்லை. கடைசியாக நீர் என்னோடு கதைத்த நாள், கையைப் பிடித்துச் சொன்னீர்: "எனக்குத்தான் உம்மைவிடப் பயம். அதுதான் ஒருத்தருக்கும் காட்டேல்லை."

ஐயோ, அதை நான் இத்தனை காலமும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கும் இப்போது சுகர். குளிசை போடுகிறேன். ஜேன் வீதிக்கும் போகிறேன், நல்ல பிள்ளைபோல் நாகதாளி தாக்கோ தின்கிறேன், அன்றைக்கு விரல் குத்திப் பார்ப்பதில்லை. இன்றும் பார்க்கவில்லை. வந்த கையோடு போட்ட குக்கர், சப்பாத்தைக் கழற்றியபோது குசினியில் பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சோறு. உம்முடைய கூத்தை அப்படியே நான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கதிரையில் இருந்துவிட்டேன். வெட்டுவார்களோ? எவ்வளவு வெட்டுவார்கள்? மகள் வருவதற்குள் இரத்தத்தைக் கழுவி, புதுக் காலுறை போட்டுவிடலாம் என்றுகூட எழும்பினேன். காலுறையைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து மகள் கதவைத் திறந்தாள்.

"வட் ஹப்பின்ட் அம்மா? ஏன் முகம் இப்பிடி இருக்கு?"

வாய் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு காலை நீட்டினேன். அவள் நிலத்தில் அமர்ந்து என் காலைத் தன் மடியில் வைத்தாள்.

"கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்கை சொல்லுங்கோ."

மூடினேன். அவள் தொடவில்லை. பயந்து நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"தொடு பிள்ளை, பயப்பிடாதை" என்றேன்.



"தொட்டுக்கொண்டுதான் இருக்கிறன் அம்மா."

இதை ஆஸ்பத்திரி எமேர்ஜென்சியில் இருந்து போனில் தட்டுகிறேன். மகள் பக்கத்தில் இருக்கிறாள், அவளுடைய கையும் சில்லிட்டுப் போயிருக்கிறது. என்ன சொல்லப் போகிறார்களோ தெரியாது. எனக்கு நல்ல பயமாகத்தான் இருக்கிறது. உமக்கும் இதே பயம்தான் இருந்தது, அதை ஒருத்தருக்கும் தெரியாமல் தனியச் சுமந்தீர். நீர் போன நாளிலிருந்து அது என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு அதையும் கூட்டிக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறேன். என்னுடைய பெயரைக் கூப்பிடுகிறார்கள்.