ஸ்ட்ரெச்சரில் ஒரு சவாரி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? நான் சௌக்கியம். தினமும் நான் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சரில் நேற்று நானே படுத்தேன். பதறாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி ஊழியர்களும் தொண்டர்களும் கூடி, அவரவர் அனுபவத்தைச் சொன்னோம். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பாஷை. மேற்பார்வையாளர் அம்மா என்னிடம், "ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப உன் பாஷையிலயே பேசுறியாமே? அவங்களுக்கு என்ன புரியும்?" என்று கேட்டார். வேலைக்கே உலை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

தொண்டராக வரும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், "என்ன புரியும்னு பார்த்துடுவோம், நீ படும்மா" என்று என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தாழ்வாரம் முழுக்கத் தள்ளினார். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக என்மேல் மிதந்து போயின. நகர்வது நானா, கட்டடமா என்றே தெரியவில்லை. அவர் தன் பாஷையில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் தலையைத் தடவுவது போலிருந்தது. இறங்கும்போது கன்னமெல்லாம் ஈரம். எனக்கே சிரிப்பு வந்தது.

மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்தார். "இனிமே உன் பாஷையிலயே பேசும்மா" என்றார்.

பீரோவில் இருக்கும் என் நீலப் போர்வையை அனுப்புங்கள். போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள் அப்பா. சேதி எதுவும் இல்லாவிட்டாலும் சும்மா பேசிக்கொண்டிருங்கள்.

வார்டில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்