சத்தமாகச் சொல்லாத வாக்கியம்

இன்று காலை ஆண்டர்சன்பேட்டை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் நீலகிரித் தைலம் வாங்கினார். நல்ல சரக்குதானா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மாத்திரை வாங்கப் போன நான் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். தினமும் காலை ஆறரை மணிக்கு என் வாசலில் உனக்கு முன்னால் வந்து நின்ற வாசனை அது. இருபத்தைந்து வருஷம் கல்தூசியை இழுத்த நெஞ்சில் அதைத் தேய்த்துக்கொள்ளாமல் நீ வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

அந்தக் காலை வழக்கத்தைத் தொடங்கியவன் நீ. தங்கச் சுரங்கத்தை மூடியதும் உன் அண்டர்கிரவுண்டு வேலையும், டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதிய என் வேலையும் ஒன்றாகப் போயின. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாய். தினம் ஒரு வசனம் எடுக்கவேண்டும். கடவுள் 'நீ' என்று சொல்லும் இடத்தில் 'நான்' என்று வைத்து, வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதன் பிறகுதான் காபி. "அவர் என்னோடு இருக்கிறார், நான் பயப்படமாட்டேன்." முதல் நாள் நீ சொன்ன வாக்கியம் இது. வேறு எத்தனையோ வந்தாலும், வாரத்துக்கு ஒருமுறையாவது இதற்கே திரும்பி வருவாய்.

நான் என் சுபாவப்படி அதற்கு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, வேதபகுதி, வாக்கியம், சொன்னதற்கு ஒரு டிக். நீ முழங்குவாய், நான் எழுதிக்கொண்டே முணுமுணுப்பேன். லைன் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுச் சிரிப்பாரோ என்று எனக்குக் கூச்சம்.

"கை மட்டும் வேலை செய்யுது. வாய் எங்கடா கீது?" என்பாய்.

"கடவுளுக்குக் கேட்டால் போதாதா?"

"அவருக்குக் கேக்கும்டா. உனக்குக் கேக்க வாணாவா?"

ஒருநாள் துணிந்து கேட்டேன். பயம் இருக்கும்போதே பயப்படமாட்டேன் என்று சொல்வது பொய்யாகாதா? நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நடந்தத எழுதிக் குடுக்க இது இன்னா உன் ஆபீஸ் ரிஜிஸ்டரா? அவரு சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். பயம் போறப்ப போவட்டும்."

படித்தவன் என்று பேர் எடுத்த நான் குனிந்து அன்றைய டிக்கைப் போட்டேன்.

போன வருஷம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள். நீ மறந்திருப்பாய் என்று நினைக்க ஆசை, நான் மறக்கவில்லை. மத்தியானம். உன் மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். உன் மூக்குக் கண்ணாடி அவள் பையில் இருந்தது. நீ ஆக்ஸிஜன் மாஸ்கைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றைவிட மெல்லிய குரலில், "இன்னிக்கு என்னால முடியல. நீ சொல்லுடா" என்றாய்.

அடுத்த கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிறகு நான் செய்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். என் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த வாக்கியம் இருந்த பக்கத்தைத் திறந்து, உன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

நீ கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பியதுபோல, மாஸ்கை விலக்கிய கையை அப்படியே வைத்திருந்தாய். நர்ஸ் வந்து மாஸ்கை மறுபடியும் உன் முகத்தில் பொருத்தினாள்.

மறுநாள் காலை நீ போய்விட்டாய். "நேத்து அவருக்கு வசனம் சொன்னீங்களாண்ணா?" என்று உன் மனைவி கேட்டாள். தலையை ஆட்டினேன். பொய்யைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தத் தலையாட்டலை அவள் ஒரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு வீட்டில் நடந்த உன் நினைவு ஜெபத்தில் எல்லாருக்கும் சொன்னாள்: "கடைசியா அவரு காதுல வுழுந்தது இந்த அண்ணன் சொன்ன வசனம்தான்." எழுந்து ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

இன்று மருந்துக் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. மாரிகுப்பத்தில் உன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். வாசலிலேயே நின்று, "தங்கச்சி, அன்னைக்கு நான் சொல்லவில்லை. நோட்டைத்தான் காட்டினேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "கண்ணாடி இல்லாம அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாதேண்ணா" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிந்துதான்."

திட்டியிருந்தால் தேவலை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பிறகு, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

"இங்கேயா?"

"இங்கதான். அவரு கேட்டத நான் கேக்கறேன்."

தெருக்குழாயில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். 'அவர் என்னோடு' என்றதும் அவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். என் வாய் நின்றுவிட்டது.

"மேல சொல்லுங்கண்ணா."

சொன்னேன். முழுவதும் சொன்னேன். பயம் போகவில்லை. உன் மனைவி, மன்னித்தேன் என்று சொல்லவில்லை; சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளிக்கும் வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

நாளை போவேன். போய்ச் சொல்லுவேன் என்று எழுதவே கை தயங்குகிறது. என்னை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும் உனக்கு. இன்று 'நான்' என்ற சொல்லுக்கு வந்தபோது எனக்கு முன்னால் அந்தத் தெரு இல்லை, உன் மனைவி இல்லை. மாஸ்கை விலக்கிப் பிடித்த உன் கை மட்டும் இருந்தது. வாக்கியத்தை முடித்த பிறகும், அது கீழே இறங்கவில்லை.