பூனைகளுக்கு வைத்த ஒருசந்தி

ராயபுரம்,
ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை.

பிரியமுள்ள மகள் ஜானட்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நலம், உன் நலம் போனில் பார்க்கிற முகத்தில் பாதிதான் தெரிகிறது, மீதியை நீயாகச் சொன்னால்தான் உண்டு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அப்பாவும் அதைத்தான் கேட்டார், தபால் ஆபீசில் அயர்லாந்துக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று விசாரித்தபோது அந்தப் பெண்ணும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையோ பேசுகிறேன், நீயும் டியூட்டி முடித்து வந்த களைப்பில் சரி பூனையைக் காட்டும்மா என்கிறாய், நான் காட்டுகிறேன், அதோடு பேச்சு முடிந்தது. நீ போன இந்த இரண்டு வருஷமாக நாம் இருவரும் பேசிக்கொள்வதே பூனைகளைப் பற்றித்தான். அந்த ஒரு விஷயத்திலும் நான் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது பங்குச்சாமி இதை மகளிடம் சொல்வதுதான் உங்களுக்குப் பரிகாரம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

இப்போது நீ போனில் பார்க்கும் சுக்கு நிஜமான சுக்குதான், பயப்படாதே. ஆனால் தவக்காலத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து, சுக்கு மொட்டை மாடியில் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவள் வீட்டிலேயே இல்லை. மூன்று வாரம் காணாமல் போயிருந்தாள், போனதற்குக் காரணம் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு மாதா முன்னால் ஒரு நேர்ச்சை செய்துகொண்டேன். நாற்பது நாளும் இந்த வீட்டுக்குள் மீன், கறி வாசனையே வரக்கூடாது, அதற்குப் பதிலாக என் மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர வேண்டும். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் எங்கே சொல்வது. அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, போன வருஷத் தவக்காலத்தில் பூனைக்குத்தானே என்று காசிமேட்டிலிருந்து தினமும் பொடிமீன் வாங்கி வந்து, முள் எடுத்துப் போடுகிறேன் என்று அடுக்களையில் நின்று பாதியைத் தானே தின்று தீர்த்தார். ஹார்பரில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷனுக்குத் தன் மீசையில் ஒட்டியிருந்த நெத்திலித் துணுக்கு தெரியவில்லை. அதனால் இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டேன், இந்த வீட்டில் பூனைகளுக்கும் ஒருசந்தி விரதம்தான், தயிர்சாதம், பால்சாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு முட்டை. அவர் பூனைகளைப் பரிதாபமாகப் பார்த்தார், பூனைகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தன.

ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே சோறு, ஆனால் மூன்று பூனையும் மூன்று விதம். பாதிரி இருக்கிறானே, கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக, அந்தப் பெயர் வைத்ததற்கு நீ என்றைக்காவது என்னோடு சேர்ந்து பாவசங்கீர்த்தனம் செய்யத்தான் வேண்டும், அவன் முதல் நாளே தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டான். இந்த வருஷம் நம் தவக்காலமும் அத்தாவுல்லா பாய் வீட்டு நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கியது அவனுக்கு நல்ல தோதாகப் போயிற்று. சாயங்காலம் பாங்கு சொல்லும்போது டாணென்று அவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பான், அவர்கள் நோன்பு திறக்க இவனும் திறப்பான். பகலெல்லாம் தூங்கினால் அதுவும் நோன்புதானே என்று பாய் சிரிக்கிறார். தவக்காலத்தில் ஒன்றரைக் கிலோ கூடிய ஒரே கத்தோலிக்கன் அவன்தான். மல்லி வேறு ரகம். தட்டை வைத்த உடனே காலைச் சுற்றுவாள், கத்துவாள், நான் பார்க்கப் பார்க்கத் தயிர்சாதத்தை நக்கித் துடைப்பாள், ஜெபமாலை சொல்லும்போது மடியில் வந்து கண்ணை மூடிக்கொள்வாள். அடடா இதற்கு இருக்கிற பக்தி மனுஷருக்கு இல்லையே என்று நானும் உருகினேன். இரண்டாவது வாரம் பரண்மேல் வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பை, உனக்கு அனுப்ப வாங்கி மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தது, அடியில் ஓட்டையோடு காலியாகத் தொங்கியது. எத்தனை நாள் வேலையோ. எல்.கே.ஜி. டீச்சராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவள், ஒரு பிள்ளையை ஒரு தடவை பார்த்தால் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவள் நான், என்னை ஒரு பூனை ஏமாற்றிவிட்டது.

சுக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை. கத்தவில்லை, திருடவில்லை, அக்கம்பக்கம் போகவில்லை. தட்டை ஒரு தடவை மோந்தாள், முன்காலால் தரையைப் பறண்டி அசிங்கத்தை மூடுவதுபோல் மூடினாள், போய் ஜன்னலில் ஏறி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்த முதுகைப் பார்த்தால் எப்போதும் பற்றிக்கொண்டு வரும். நீ கொண்டு வந்து விட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட என் மடிக்கு வந்ததில்லை, கூப்பிட்டால் காதை மட்டும் திருப்புவாள். முதுகைக் காட்டுவது திமிர் இல்லைம்மா, பின்னால் இருப்பவரை நம்பினால்தான் பூனை முதுகைக் காட்டும் என்று நீ ஒருமுறை சொன்னாய், படித்த பெண் சொல்கிறாள் என்று அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன். தினமும் ஒருவாய் பாலை நக்குவாள், சோற்றைத் தொடமாட்டாள். பத்தாவது நாளுக்குள் விலா எலும்பு தெரிந்தது. அப்பா இரண்டு மீனாவது வேகவைத்துக் கொடு என்றார். நான் விடவில்லை. பசித்தால் தானாக இறங்கி வருவாள், எவ்வளவு நாள் பிடிவாதம் பிடிப்பாள் பார்க்கிறேன் என்றேன். அதிகம் பேசாத மனுஷன் அன்றைக்குச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இதையே இன்னும் எத்தினி பேருக்கு சொல்லிகினு இருக்கப் போறே லூர்து என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ பெட்டி கட்டிய அன்று வாசலில் நின்றுகொண்டு நான் உன்னிடம் சொன்னதும் அதே வார்த்தைதானே. போறவ போ, பசிச்சா தானா வருவே. நீயும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினாய்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து நான் வந்தபோது ஜன்னல் காலியாக இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது, போகட்டும் என்றேன். இரண்டாம் நாள் சும்மா ஒரு எட்டு பார்ப்பதுபோல் மாடிக்குப் போனேன். மூன்றாம் நாளிலிருந்து தெருத்தெருவாக. ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நிற்கின்றன, ஹாரன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறவள் அவள், ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். அப்பா முழங்கால் வலியோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஞாயிறு வந்தால் நீ போனில், சுக்கு எங்கேம்மா. உண்மையைச் சொன்னால் நமக்குள் பேச இருந்த அந்த ஒன்றும் போய்விடும் என்று பயந்தேன் ஜானட். அதனால்தான் மாடியில் தூங்குகிறாள் என்றேன், கோபத்துக்காகவோ வீம்புக்காகவோ இல்லை.

மூன்று வாரம் கழித்து, அதுவும் வெள்ளிக்கிழமை, அத்தாவுல்லா பாய் காசிமேட்டில் தன் கயிற்றுக் கடையிலிருந்து போன் செய்து, மாரியப்பன் வலை கட்டும் கொட்டகையில் காவி நிறத்தில் ஒல்லியாக ஒரு பூனை இருக்கிறது, உங்களுடையதா பாருங்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அப்பாவை அனுப்பிக் காரப்பொடி மீன் வாங்கி வரச் சொன்னேன், என் கையாலேயே கழுவி உப்புப் போட்டு வேகவைத்தேன், வீடு முழுக்க மீன் வாசனை. அடுப்பை அணைத்த பிறகுதான் நேர்ச்சை ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் நின்றேன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவே சிலுவைப்பாதைக்குக் கோயிலைப் பார்த்துப் போகிறது, நான் ஒருத்தி மட்டும் மீன் டப்பாவோடு எதிர்த்திசையில். இரண்டு பேர் மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன், பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே முதுகைத் திருப்பிக்கொண்டாள். டப்பாவைத் திறந்து சுக்கு சுக்கு என்று கெஞ்சினேன், அசையவில்லை. மாரியப்பன் ஊசியை நிறுத்தாமலே, யக்கா, அத்த மொறச்சிப் பாத்துகினே இருந்தா துன்னாது, நானும் ரெண்டு மீன வெச்சிட்டு அந்தாண்ட திரும்பிக்குவேன், அப்பால தான் துன்னும், மானஸ்தி அது என்றார். சரி என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். படகுகள் வரிசையாக நின்றன. ஜெபமாலையை எடுத்து உருட்டினேன், பத்து மணி, இருபது மணி, ஒரு சத்தமும் இல்லை, திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. முப்பதாவது மணியில் டப்பா தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் என் முதுகில், ரவிக்கைக்குக் கீழே, சூடாக ஏதோ வந்து ஒட்டியது. அவளும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், என் முதுகோடு முதுகாக. நீ கொண்டு வந்து விட்டதிலிருந்து முதல் தடவை. நான் அழுதுவிட்டேன், மாரியப்பன் பார்க்காததுபோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் தூக்கினேன், கையில் நாலு கீறல், மீதி வழியெல்லாம் என்னவோ அவள்தான் என்னைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகிறவள்போல் முன்னால் நடந்தாள்.

மறுநாள் பெருநாள் என்று பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, நேர்ச்சைதான் முறிந்துவிட்டதே என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். நான் ஈஸ்டர் வரை தொடவில்லை, ஆனால் முறிந்தது முறிந்ததுதான். பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் சொன்னபோது, பூனைக்கு யாரம்மா ஞானஸ்நானம் கொடுத்தது, அது ஏன் ஒருசந்தி இருக்க வேண்டும் என்று பங்குச்சாமி சிரித்த சிரிப்பு வெளியே வரிசையில் நின்றவர்கள் காதிலெல்லாம் விழுந்திருக்கும்.

நேர்ச்சையை முறித்துவிட்டு மாதாவிடம் மறுபடியும் கேட்க எனக்கு முகமில்லை. யோசித்துப் பார்த்தால் முதலிலேயே மாதாவிடம் கேட்டது தப்பு, உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், அதற்கு என் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வா ஜானட். அன்றைக்கு வாசலில் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ வரும் அன்று உன்னை உற்றுப் பார்த்து, இளைத்துவிட்டாயே, ஏன் இத்தனை நாள் என்று ஒன்றும் கேட்கமாட்டேன். அடுக்களையில் முதுகைக் காட்டி மீன் கழுவிக்கொண்டிருப்பேன். நீயாக வந்து பக்கத்தில் உட்கார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், குளிர் எலும்பில் இறங்காமல் காலுறை போட்டுத் தூங்கு, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குமுன்பே புதுக் கருவாடு வாங்கிவிட்டேன், சீக்கிரம் அனுப்புகிறேன், இந்தத் தடவை பித்தளைத் தூக்கில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன், மல்லி அதைச் சுற்றிச் சுற்றி ஜெபம் செய்கிறாள். டிசம்பர் லீவை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் நீதான் சொன்னாய், மறந்துவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
லூர்து