கிணற்றைக் கெடுத்தவன் பிடிபட்டான்

இரும்புலியூர்
9-2-2006

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு, பெற்றது என் அண்ணன் என்றாலும் வளர்த்த பாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்ட உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் அவளுடைய முட்டிவலியும் நலம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கக் குன்றத்தூர் முருகன் பார்த்துக்கொள்வான். போனில் சொன்னால் நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நம் காலனிக் கிணறு சுத்தம் என்று நேற்று ரிப்போர்ட் வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வண்டலூர் சிங்கங்கள் வாயை மூடிக்கொண்டதாகக் கேள்வி.

ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் பூச்சிமருந்து இருக்கிறது, குடிக்காதீர்கள் என்று வந்தது. கிணற்றை ஒட்டிய காலி மனையில் கீரை போடுகிறாளே பாப்பா, அவள்தான் காரணம் என்று செக்ரட்டரி தோத்தாத்ரி சார் முடிவுகட்டி, தை முடிவதற்குள் காலி செய் என்று டைப் அடித்த நோட்டீஸையும் கொடுத்துவிட்டார். பதினோரு வருஷமாக அந்த மண்ணில்தான் அவள் குடும்பம் சாப்பிடுகிறது. நான் சும்மா இருப்பேனா, மீட்டிங்கில் எழுந்து ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளெல்லாம் பிரேக் போடும்படி முழங்கினேன், உண்மையான குற்றவாளியைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து இதே நாற்காலியில் உட்கார வைப்பேன் என்று.

மறுநாள் சாட்சியம் திரட்டப் பாப்பாவிடம் போனேன். அவள் களை பிடுங்கிக்கொண்டே என் பேச்சையெல்லாம் கேட்டாள், அப்புறம் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் மேலே கையைக் காட்டினாள். நம் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய். காலனியிலேயே முதல் ஆளாக நான் போட்டு, நேராகக் கிணற்றுக்குள் விட்டு, சால்வை வாங்கிக்கொண்ட குழாய். "என் மருந்து மண்ணுல வுழுது சார், வெயிலும் மண்ணும் தின்னது போக மீதிதான் கீழ எறங்கும். உன் ரோஜாவுக்கு அடிக்கிறது நேரா கெணத்துக்கு வந்துகினு கீது, அத்த யாரு தின்றது?" என்றாள்.

அண்ணாந்து அந்தக் குழாயைப் பார்த்தேன். போன ஆனியில்தான் மாடியில் நாற்பது தொட்டி ரோஜா வைத்தேன், வாரம் தவறாமல் மருந்தால் அபிஷேகம். என் பாட்டிலையும் பாப்பாவின் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு சோதனைக்கூடத்துக்கே போனேன். ரிப்போர்ட்டில் இருப்பது என் மருந்துதான், அவளுடையது ஒரு சொட்டும் இல்லை என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள். மேல்மண்ணில் வெயிலும் காற்றும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் சேர்ந்து இந்த மருந்தைச் சில வாரத்தில் சிதைத்துவிடுமாம், இருட்டான நிலத்தடி நீரில் அந்த வேலைக்கு ஆள் குறைவு, மாசக்கணக்கில் அப்படியே கிடக்குமாம், சில மருந்து மண்ணையும் தாண்டி இறங்கி வருஷக்கணக்கில் கிடக்குமாம்.

அடுத்த மீட்டிங்கில் வாக்குத் தவறவில்லை. நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். தோத்தாத்ரி சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நோட்டீஸில் பாப்பா பேரை அடித்துவிட்டு என் ரோஜாக்களின் பேரை எழுதச் சொன்னேன், எழுதினார். அத்தனை தொட்டியும் பொத்தேரியில் இருக்கும் உன் சித்தியின் தம்பி வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டன, இனி அவற்றுக்கு மருந்து கிடையாது. மோட்டார் போட்டுக் கிணற்றை மூன்று தடவை இறைத்தோம், முதல் இரண்டு ரிப்போர்ட்டும் காலை வாரிவிட்டன, மூன்றாவதுதான் நேற்று வந்தது.

சாயங்காலம் காலனியே கிணற்றடியில் நின்றது, முதலில் யார் குடிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. பாப்பா முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு வாளி இறைத்தாள், சொம்பில் மொண்டு என்னிடம் நீட்டினாள். "நீ குடி சார், பாப்போம்" என்றாள். மடமடவென்று குடித்தேன். அரை நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தானும் ஒரு சொம்பு குடித்தாள், பிறகு கீரைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.

குழந்தைக்கு என் முத்தம், உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் ஆசி. சித்தி கேட்ட பேரீச்சம்பழத்தை மறந்தால் அடுத்த தீர்ப்பு உன் மேல்தான்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஜீவானந்தம்