திரும்பிப் போனவன் என்று நீ சொன்ன கதை

தியாகதுருகம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். காலையில் பால் வாங்கப் போனபோது ஓரத்துப் புளியமரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் நடுமரத்துக்குள் இறங்கியதும் ஒரு வாசனை வந்தது. ஈர மரத்தூளின் பச்சை வாசனை, தொண்டையில் லேசாகப் புளிப்பது போல. பால் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரப் பெண், "இன்னா பெரியவரே, மயக்கமா வருதா? ஒக்காருங்க" என்றாள். மயக்கம் இல்லை. உன் ஞாபகம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நீ போய்ச் சில வாரங்கள்தான் ஆகின்றன. நீ இருந்தபோது கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கேட்டால் பதில் வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேனோ என்னவோ. எதையும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் குழம்பிவிடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவில் நாம் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஊர் ஊராகப் போய்க் கரும்பு நடவைப் பதிவு செய்வதும், முதிர்ச்சி பார்த்து வெட்டு உத்தரவு கொடுப்பதும் வேலை. "எம்.எஸ்சி. படிச்சிட்டு கரும்பு சோகைய எண்ணிக்கினு கீறியே மச்சான்" என்று முதல் வாரத்திலேயே கேலி செய்தாய். என் சாதி வேறு, உன் சாதி வேறு. அந்த ஊரில் சாதி தாண்டி யாரும் யாரையும் அவ்வளவு எளிதாக மச்சான் என்று கூப்பிடமாட்டார்கள். நீ கூப்பிட்டாய். உன் மனைவி என்னை அண்ணா என்றாள். கூச்ச சுபாவக்காரனான எனக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய இடத்தைக் கொடுத்தது என்பதை நீ கடைசிவரை அறிந்திருக்கமாட்டாய்.

கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் வண்டிப்பாதையில் முன்னால் போகிறவனின் வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினான் என்று தெரியாமல் வயலுக்குள் சுற்ற வேண்டியதுதான். அதற்காக நம் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவன் வண்டியை நிறுத்த வேண்டும். பின்னால் வருகிறவனின் முகம் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். யாருக்குப் பின்னால் யார் வந்தாலும் இதுதான் சட்டம். மற்றவர்கள் சில சமயம் மறந்துபோவார்கள். நீ மறந்ததே இல்லை. ஒரு முறை கல்வராயன் மலையில், நம் அலுவலகக் காவலாளியின் மகள் திருமணத்துக்குப் போய்விட்டு வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. என் ராஜ்தூத் பைக்கின் விளக்கு மங்கல். நான் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஊர்ந்து வந்தேன். ஒவ்வொரு வளைவு முடியும் இடத்திலும் உன் விளக்கு நின்று எரிந்துகொண்டிருந்தது. கீழே கச்சிராயபாளையம் வந்து சேர்ந்ததும், "எருமமாடே உன்ன முந்திக்கினு போயிருக்கும்" என்றாய். நான் சிரித்தேன். அன்றைக்கு உன்மேல் வைத்த நம்பிக்கையைப் பிறகு நான் யார்மேலும் வைக்கவில்லை.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. உங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். உன் தங்கை மகன் நல்ல மதிப்பெண் வாங்கியும் வீட்டில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தவன். ஆனால் அந்த நாட்களில் அலுவலகத்தின் காற்றே மாறிப்போனது. டீக்கடையில் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவோமே, அது நின்றது. நான் போனால் பேச்சு பாதியில் நிற்கும். நீ மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்காருவாய். "எங்காளுங்க ரோட்டுக்கு வந்தாதான்பா கவர்மெண்டு திரும்பிப் பாக்கும். அதுக்காக நீ ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?" என்பாய்.

அந்த ஆண்டு அரவை முடிந்து ஆலையில் பராமரிப்பு வேலை நடந்த சமயத்தில்தான் கடலூர் போகலாம் என்று நீ கிளப்பினாய். எடைமேடைக் குமரேசனும் ஆய்வகத்துத் தாமோதரனும் ஒரு வண்டி, நீ ஒன்று, நான் ஒன்று. நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. வெட்கத்தோடு அதைச் சொன்னபோது, "கடல் பாக்காம எம்.எஸ்சி. எப்பட்றா குடுத்தாங்க உனக்கு?" என்று குமரேசன் கேட்டான். சாலை மறியல் எந்த நாளும் தொடங்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்றேன். நீ என் தோளில் கை வைத்து, "நான் இருக்கச்சொல்ல உனக்கு இன்னா பயம்? வழிபூரா எங்க சொந்தக்காரங்கதான்" என்றாய். அதற்குப் பிறகு நான் மறுக்கவில்லை. மாற்றுக் கிளட்ச் கேபிள், பிளக், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

விடியும்போது கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே நின்று டீ குடித்தோம். குமரேசன் பண்ணுருட்டியில் பலாச்சுளை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் பறந்தான். பருவமே இல்லாத காலத்தில் பலாச்சுளை எங்கே என்று நீ கத்தியது அவன் காதில் விழவில்லை. நீ நடுவில். நான் வழக்கம்போலக் கடைசி. பண்ணுருட்டிக்குப் பிரியும் கைகாட்டியில் நீ வண்டியை நிறுத்தியிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. உன்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். சாலையை மறித்து ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். குமரேசனும் தாமோதரனும் அதற்கு முன்பே கடந்து போயிருந்தார்கள். வேறெந்த நாளாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியைத் திருப்பியிருப்பேன். நீ நின்றுகொண்டிருந்தாய். அதனால் வந்தேன்.

வெட்டிய மரத்தின் வாசனை முகத்தில் அடித்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் உன் மனைவியின் அண்ணன். உன் வீட்டு விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், ஆனால் பேசிப் பழக்கமில்லை. அவர் கையில் கோடாரி இருந்தது. உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஊரே ரோட்டுல ஒக்காந்துக்கினு கீது, உனக்குக் கடல் கேக்குதா? வெக்கமா இல்ல?"

"இல்ல மாமா, பண்ணுருட்டியில ஒரு ஜோலி..."

"இன்னா ஜோலி? கூட யாரு? அந்தாளு யாரு?"

கோடாரியால் என்னைச் சுட்டிக் காட்டினார். நான் வண்டியை அணைத்தேன், இறங்கவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கும் இடம்தான் இருக்கும். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றுகிறது. அது கணப்பொழுதாகவும் இருக்கலாம்.

"யாரோ சாரு, மாமா. வழியில பின்னாலயே வந்துக்கினு இருந்தாரு. எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். உன்னைத் தோப்பு வழியாகப் போகச் சொன்னார்கள். நீ போனாய். முந்திரி மரங்களுக்கு நடுவே உன் வண்டியின் சத்தம் குறைந்துகொண்டே போனதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னை யாரும் அடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இளைஞர்கள் சிலர் பிளக் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியைப் பள்ளத்தில் தள்ளினார்கள். "சொந்த ஊரு எது? இன்னா ஆளு நீ?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். வயதான ஒருவர்தான், "வுடுங்கடா, வாத்தியாரு மாதிரி கீறாரு" என்று அவர்களை விலக்கிவிட்டார்.

நான் அங்கிருந்து போகவில்லை. பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். மாமாவுக்கு முன்னால் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது, கொஞ்சம் தள்ளிப் போய்விட்டு என்னைக் கூட்டிப்போக வேறு வழியாக வருவாய் என்று நினைத்தேன். வெயில் ஏறியது, சாய்ந்தது. நீ வரவில்லை. பிறகு அந்தப் பெரியவரே ஒரு கை கொடுக்க, வண்டியை மேலே ஏற்றி, உளுந்தூர்பேட்டை வரை தள்ளிக்கொண்டே போனேன்.

மறியல் ஓய்ந்து சாலை திறந்த பிறகு கடலூரில் மாட்டிக்கொண்டிருந்த நீங்கள் மூவரும் கடற்கரை வெயிலில் கறுத்த முகங்களோடு வேலைக்கு வந்தீர்கள். எனக்கு அப்போதும் கோபம் இல்லை. தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ வராந்தாவில் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்று, "இன்னா மச்சான், மரத்தப் பாத்ததும் வண்டியத் திருப்பிக்கினு ஓடிட்டியே! உனக்காக நின்னுக்கினு இருந்தேன் தெரியுமா?" என்றாய். வராந்தாவே சிரித்தது. தாமோதரன் என் வண்டியை முத்தமிட்டு, "உயிர் காத்த உத்தமி" என்றான். எல்லோரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? நான் அப்படிச் செய்யக்கூடியவன்தானே.

உன் கண்ணைப் பார்த்தேன். அதில் கெஞ்சல் ஏதாவது இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். எதுவும் இல்லை. நீ சொல்வதை நீயே நம்பிவிட்டாற்போலத் தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகும் முப்பது வருடங்களுக்கு மேல் பழகினோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. அதை மறந்தால் நான் மனிதனில்லை. உனக்கு உன் ஆட்கள் முன்னால் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று பலமுறை உன் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். கோடாரியோடு நிற்கிற மைத்துனனிடம் வேறு என்ன சொல்வது? தெரியாது என்று நீ சொன்னதை மன்னிக்க முடிகிறது. வராந்தாவில் சொன்னதைத்தான் முடியவில்லை. அங்கே கோடாரி எதுவும் இல்லை.

உன் படத்திறப்புக்கு வந்திருந்தேன். உன் மகன் மைக்கில் பேசினான். நீ எவ்வளவு வேடிக்கையானவன் என்று சொல்ல வந்தவன், என்னைப் பார்த்துவிட்டான். "அதோ மாமா ஒக்காந்துக்கினு இருக்காரே, அப்பா கடலூர் போனாங்களாம், மறியல்ல மரம் சாஞ்சத பாத்துட்டு மாமா வண்டியத் திருப்பிக்கினு ஒரே ஓட்டமாம். வூட்ல சாப்புடச்சொல்ல அப்பா மாமா மாதிரியே வண்டி ஓட்டிக் காட்டுவாருங்க, நாங்க வயிறு வலிக்க சிரிப்போம்" என்றான். எல்லோரும் என் பக்கம் திரும்பி அன்பாகச் சிரித்தார்கள். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "இல்லப்பா, நான் திரும்பல" என்றேன்.

"பாருங்க, இன்னிக்கும் ஒத்துக்க மாட்றாரு!" என்றான் உன் மகன். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டில், சாப்பாட்டு வேளைகளில், இத்தனை வருடமா? கஞ்சி கொடுத்தனுப்பிய நாட்களிலுமா?

நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கோடாரிக்காரர் என் முகத்தை அன்றே மறந்திருப்பார். நீயும் போய்விட்டாய். என் ஞாபகத்தின் மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை குறைவு. நீ சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டு, தூரத்திலேயே வண்டியைத் திருப்பும் என் முதுகு இப்போது எனக்கே தெரிகிறது. அதில் என் சட்டையின் நிறம்கூடத் தெரிகிறது. சில நாள் காலையில் எழுந்ததும், அதுதான் நடந்ததோ என்று உட்கார்ந்து யோசிக்கிறேன்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. "யாரோ சாரு" என்று நீ சொன்ன குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. சொல்வதற்கு முன்னால் நீ எச்சில் விழுங்கியதும் இருக்கிறது. தூரத்திலேயே திரும்பிப் போயிருந்தால் அது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நான் அங்கேதான் நின்றிருக்கிறேன்.