சிலுவைத் திருநாளில் விதைத்த பார்லி

செப்டம்பர் 14

சிலுவைத் திருநாள். விதைப் பார்லியைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசி வாங்கி வந்தேன். நாளைக்கே விதைப்பு. தம்பி வெலின்தான் முரண்டு பிடிக்கிறான். "அக்கா, வெயில் இன்னும் இறங்கல. அக்டோபர் பத்துக்கு அப்புறம் போடலாமே." ஜெர்மனியில் ஆறு வருஷம் பன்றி வெட்டிவிட்டு வந்தவன் எனக்கு விதைப்பு சொல்லித் தருகிறான்.

இந்த ஒரு விளைச்சல் தேறினால் ஊரோடு இருந்துவிடுகிறேன் என்றிருக்கிறான். அதனால்தான் எனக்கு இத்தனை அவசரம்.

செப்டம்பர் 29

சுற்றுவட்டாரத்தில் எங்கள் நிலம் மட்டும்தான் பச்சை. பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போன தடவை அறுத்த எங்கள் தாளடியில், சிந்திய மணிகள் தானாக முளைத்து அடர்ந்து நிற்கின்றன. உழுது அழித்துவிடலாம் என்றான் வெலின். ஆட்டுக்குத் தீனி, விடு என்றேன்.

அக்டோபர் 11

இன்னும் வேர்க்கிறது. அக்டோபரில் வேர்க்கலாமா?

அக்டோபர் 19

இலையைத் திருப்பினால் அசுவினிப் பூச்சி. விரல் பிசுபிசுத்தது.

வேளாண் ஆலோசகர் கலினா வந்தாள். பயிரைப் பார்க்காமல் நேரே தாளடிக்குப் போனாள். "பூச்சி இங்க வளர்ந்து, இங்கேருந்தே நோயையும் ஏத்திக்கிட்டு அங்க போகுது. ஊரே வெறும் மண்ணா கெடக்கு. நீங்க மட்டும் பந்தி போட்டு வச்சிருக்கீங்க."

மருந்து கேட்டேன்.

"பூச்சிக்கு இருக்கு. பயிருக்குள்ள போன வைரஸுக்கு இல்ல."

அக்டோபர் 20

மருந்தடித்தோம். தாளடியையும் உழுதாயிற்று.

நவம்பர் 24

உறைபனி. பூச்சி செத்திருக்கும். ஆனால் கிழக்கு ஓரத்தில் வட்டமாக ஒரு மஞ்சள் திட்டு. கட்டில் அகலம்தான். தண்ணீர் தேங்கியிருக்கும் — மழையே இல்லை, எந்தத் தண்ணீர்?

பிப்ரவரி 20

வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

ஏப்ரல் 12

அக்டோபரில் விதைத்தவர்கள் பயிர் முழங்காலைத் தாண்டிவிட்டது. எங்களுடையது சாண் உயரத்தில் புல் மாதிரி குத்துக் குத்தாகக் கிடக்கிறது. தண்டே எழவில்லை. கதிர் எங்கிருந்து வரும்?

"விடு அக்கா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்கிறான் வெலின். யாருக்கு நடந்தது? எனக்கு மட்டும்தானே நடந்தது. நீதான் கெடுத்தேன்னு ஒரு தடவை கத்தித் தொலையேன்டா. அவன் மூஞ்சியைப் பார்க்கவே பயமாயிருக்கு எனக்கு.

ஏப்ரல் 21

பார்லியை மடக்கி உழுதோம். சூரியகாந்தி போடலாம். சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் வெலின் யாரிடமோ ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நான் ஆட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 12

இன்று விதைப்பு. விதைப்புக் கருவியை டிராக்டரில் மாட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வண்டியைப் பின்னால் நகர்த்த, இன்னொருவர் இணைப்பு ஊசி சொருக. போன வருஷம் சொருகியது வெலின். நானே நகர்த்தி, நானே இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி நகர்த்தினேன். எத்தனை தடவை என்று ஞாபகமில்லை. மாட்டி முடிக்கும்போது மதியமாகிவிட்டது.